திரையில் யார் ஓனர்?

மண்ணூர் பக்கம் போல்ட் செய்கிற எங்கள் கம்பெனிக்கு 1991-ல் கம்ப்யூட்டர் வந்தது. ஏசி அறை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதலாளி முனிரத்தினம் தன் கையாலேயே அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். அதை இயக்கத் தெரிந்தவள் சசிகலா ஒருத்திதான். ஆறு மாதம் ட்ரெயினி, பிறகு பெர்மனன்ட் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஆர்டர் வரட்டும் என்று சொல்லித்தான் அவள் வீட்டில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டு வந்தாள்.

கம்ப்யூட்டரில் என்னென்ன வேலை ஓடுகிறது என்று காட்ட ஒரு திரை உண்டு. ஸ்டாக் கணக்கு, டெலிவரி சலான் என்று வரிசையாக வரும். பக்கத்தில், வேலையை ஆரம்பித்தவர் பெயருக்கு ஒரு கட்டம். அதன் தலைப்பு 'ஓனர்'. கீழே எல்லா வரியிலும் சசிகலா, சசிகலா.

முதலாளி அதைப் பார்த்துவிட்டார்.

“இன்னாம்மா, கம்பெனிய எப்போ உன் பேருக்கு எழுதிக்கினே?”

“சார், வேலைய ஸ்டார்ட் பண்ணவங்க பேரு அது.”

“கம்பெனிய ஸ்டார்ட் பண்ணது யாரு? என் பேரப் போடு. இனிஷியலு, பி.ஏ. எல்லாம் சேத்து, பெருசா.”

போட்டாள். பெயர் நீண்டதில் மற்ற கட்டங்கள் திரையை விட்டே போய்விட்டன. என்ன வேலை ஓடுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை; யாருடையது என்பது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் காபி கொடுத்து அதைக் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டோர்ஸில் போல்ட் எண்ணுகிற நான் யாரிடம் போய்ச் சொல்ல?

ஒருநாள் சலான் போடுகிற வேலை சிக்கிக்கொண்டது. கேட்டில் லாரிகள் காத்துக் கிடந்தன. எது சிக்கியது என்று கண்டுபிடிக்க சசிகலா பெயரைச் சுருக்கி, மற்ற கட்டங்களை உள்ளே கொண்டுவந்தாள். நின்றுபோன வேலைக்கு நேராகவும் முதலாளி பெயர்.

“அதுவும் உங்களுதுதானா சார்?” என்று சரக்கெடுக்க வந்த அதிகாரி சிரித்துவிட்டார்.

அன்று சாயங்காலமே உத்தரவு வந்தது. “ஓடுற வேலை என் பேர்லயே இருக்கட்டும். நின்னுபோறது மட்டும் உன் பேர்ல வரட்டும்.”

அதையும் அவளே செய்தாள். சுத்தமாகச் செய்தாள், ஒரு வேலை நின்றால் உடனே பெயர் மாறிவிடும்.

ஆறு மாதம் முடிந்ததும் ஆர்டர் கேட்டுப் போனாள். முதலாளி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

“எப்டிம்மா உன்ன பெர்மனன்ட் பண்றது? நின்னுபோன வேலையெல்லாம் உன் பேர்லதான கீது.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார்.