ஈரப்பாசியில் பொதிந்தவை

காய்ச்சல் இறங்கியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி விதைகளைப் பற்றித்தான்.

"பை எங்கடா?"

"பத்திரமா இருக்கு. பேசாம படு," என்றான் தம்பி. தானிய விதைக் கிடங்கின் பொறுப்பாளன் அவன். எது கைக்கு வந்தாலும் காயவைத்து, டப்பாவில் அடைத்து, குளிர் அறையில் ஏற்றிவிடுவான். கூட வேலை செய்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர் கருவாடு.

அக்கா காட்டு மரங்களைக் கணக்கெடுப்பவள். கடைசியாகப் போயிருந்தது தாழ்நிலத்து மழைக்காடு ஒன்றுக்கு. அங்கே ஒரு மரத்துக்குப் பக்கத்தில் அதே இனத்து மரம் நிற்பது அபூர்வம். உச்சியில் வெயிலை எல்லாம் வாங்கிக்கொள்ளும் பெருமரங்கள். அவற்றின் கீழே நெருக்கியடிக்கும் இரண்டாம் அடுக்கு. அதற்கும் கீழே, பட்டப்பகலிலும் விலகாத ஈர இருட்டு. அந்த இரண்டாம் அடுக்கில் ஒரு மரம் இருந்தது. வருடக்கணக்காகத் தேடியும் அதைப் போல இன்னொன்று அவள் கண்ணில் படவில்லை. அது காய்த்து அவள் பார்த்தது இந்த ஒரு முறைதான். விதைகளைப் பொறுக்கும்போதே ஆற்றின் மறுகரையில் மரம் அறுக்கும் சத்தம் கேட்டது. காய்ச்சலோடு பேருந்து ஏறி அவள் தம்பி வீட்டு வாசலில் வந்து விழுந்த மறுநாள், காட்டில் அவளுக்கு ஜீப் ஓட்டியவர் போனில் சொன்னார்: அந்த இடம் இப்போது வெட்டவெளி.

"எப்படிடா வச்சிருக்க?"

"என்னக்கா, என்கிட்டயே கேக்கற? நீ பாட்டுக்கு ஈரப் பாசியில சுத்திக் கொண்டாந்துட்ட. காய்ச்சல்ல மூளை குழம்பிடுச்சு உனக்கு. அப்படியே விட்டிருந்தா பூஞ்சை பிடிச்சு நாறியிருக்கும். நல்லவேளை, கருவாடு இருந்தான். கலகலன்னு காயவச்சுத்தான் டப்பால போட்டேன். இனி உன் பேரப்பிள்ளை எடுத்து விதைச்சாலும் முளைக்கும்."

அக்கா மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவன் காபி ஆற்றினான். அவள் வாங்கவில்லை.

"அது தானியமில்லடா," என்றாள் கடைசியில். "அங்க தரை காயறதே இல்ல. விழுந்த விதை தூங்காது. உடனே முளைக்கணும், இல்லேன்னா சாகணும். காஞ்சு கிடந்து பிழைக்க அதுக்குத் தெரியாது."

அவன் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

கிடங்குக்கு ஓடிப்போய் ஒரு விதையை அறுத்தான். உள்ளே முளை கருத்துச் சுருங்கியிருந்தது. டப்பாவோடு திரும்பி வந்தான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்ற நிலையிலயாடா இருந்தேன்?"

மிச்ச விதைகளைத் தட்டில் ஈரமணல் பரப்பி ஊன்றினான். கொல்லைப்புறச் சுவரோரம் சாக்குப் பந்தல் போட்டான். வேலைக்குக் கிளம்புமுன் தினமும் தண்ணீர் தெளித்தான். அக்கா படியில் போர்வையோடு உட்கார்ந்து பார்த்திருப்பாள். மணல் மணலாகவே இருந்தது.

ஒரு காலையில் அவன் கத்தினான். "அக்கா! வந்து பாரு, வந்து பாரு!"

மணலைப் பிளந்துகொண்டு இரண்டு இலைகள்.

அவளுக்கு ஒரு பார்வை போதுமாயிருந்தது. பேருந்து நிலையச் சுவரில், சாக்கடை ஓரத்தில், எங்கும் முளைக்கும் களை. மணலோடு வந்திருக்கிறது.

அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லடா," என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். "பிடுங்கிடவா?" என்று கேட்டான்.

"இருந்துட்டுப் போகட்டும்."

குவளையில் மிச்சமிருந்த தண்ணீரை அவன் அதற்கே ஊற்றினான்.