பதினாறு மூச்சு

அறுபத்தாறு வயதில் என்னை வீட்டுக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள். தொற்றுநோய் பரவுகிறது, அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று அரசாங்க உத்தரவு. நீஷ் நகரில், நான்காவது மாடியில், குப்பை கொட்டக்கூடப் பக்கத்து வீட்டுக்காரனைக் கெஞ்ச வேண்டிய நிலை. அந்த ஏப்ரல் முழுக்க நான் எல்லார் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

பின்னே என்ன? நாற்பது வருடம் நோயாளியின் கட்டிலருகே நின்று பாடம் நடத்தியவள் நான். தொட்டுப் பார், தட்டிப் பார், காதை வைத்துக் கேள் என்று மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கத்திக் கத்தியே தொண்டை கெட்டுப் போனவள். அந்தப் பாடத்தை லேப்டாப்பில் நடத்து என்றால் எப்படி? திரையைத் தட்டினால் கண்ணாடிச் சத்தம்தான் வரும். ஆனால் செய்முறை முடிந்தது என்று நான் கையெழுத்துப் போடாவிட்டால் ஜூன் தேர்வில் ஒருவரும் உட்கார முடியாது. சரி, தொலையட்டும் என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். பன்னிரண்டு பேரும் அவரவர் வீட்டில் இருக்கிற ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து, என் கண்ணெதிரே பரிசோதிக்க வேண்டும்.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. ஓக்னியென் தன் தம்பியை உட்கார வைத்திருந்தான். அந்தப் பையன் கூச்சத்தில் நெளிந்து நெளிந்து நாற்காலியோடு விழுந்தான். அவர்களைத் திட்டி முடித்துவிட்டு துன்யாவைக் கூப்பிட்டேன்.

துன்யா பிரோத் ஊர்க்காரி. விடுதியை மூடியதும் அப்பாவிடம் போய்விட்டாள். அம்மா இல்லை, வீட்டில் இவளும் அவரும் மட்டும்தான். அப்பா வெலிபோர் டயர் தொழிற்சாலையில் வேலை செய்பவர். கட்டம் போட்ட சட்டை, பையில் ஒரு பேனா, நன்றாகச் சவரம் செய்த முகம். மேசையில் சட்டென்று கண்ணில் படுகிற மாதிரி, தன் கையால் தட்டையாக்கி உலர்த்திய தொத்திறைச்சியை ஒரு தட்டில் வைத்திருந்தார்.

"வணக்கம் டாக்டரம்மா. என்னை அறுத்துப் பாக்கப் போறீங்களா, சும்மா பாத்துட்டு விட்டுடுவீங்களா?"

"பிரோத்காரரை அறுத்தா கத்திதான் தேயும். உள்ள இருக்கிறதை விடவா போறீங்க?"

எங்கள் ஊரில் பிரோத்காரர்களின் கஞ்சத்தனத்தைச் சொல்லாமல் பேச்சே தொடங்காது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு ஒரு சின்ன இருமலில் போய் முடிந்தது. "தூசி," என்றார்.

துன்யா தன் தாளைப் பார்த்து வாசித்தாள். "நாடி தொண்ணூத்தாறு. காய்ச்சல் முப்பத்தேழு புள்ளி நாலு. மூச்சு நிமிஷத்துக்குப் பதினாறு."

அந்தப் பதினாறு! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் தொழிலில் யாரும் மூச்சை எண்ணுவதில்லை. ஒரு நிமிடம் முழுக்க ஒரு மனிதனின் மார்பைப் பார்த்துக்கொண்டிருக்க எவனுக்குப் பொறுமை? நல்ல உடம்புக்கு உரிய கணக்கு அதுதான் என்று பதினாறை எழுதிவிடுவான். சாகக் கிடக்கிறவனுக்கும் பதினாறு, கால் சுளுக்கியவனுக்கும் பதினாறு. அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான தாள்களில் நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

"எண்ணினியா துன்யா?"

"எண்ணினேன் மேடம்."

"முழு நிமிஷமா?"

"முழு நிமிஷம்." அவள் கேமராவைப் பார்க்கவில்லை.

நான் அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பார்த்தேன். அது ஏறியது, இறங்கியது, ஏறியது. வேகமாக ஏறியது. ஆளோ மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்த முகமாக இருக்கிறார். இந்தப் பாழாய்ப்போன நோய் அப்படித்தான், சிரிக்க வைத்துக்கொண்டே கழுத்தைப் பிடிக்கும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் இரண்டு வாரமாகப் போனில் அழுதுகொண்டிருந்தார்கள். உதட்டின் நிறத்தைப் பார்க்கலாம் என்றால் அந்த மட்டமான கேமராவில் எல்லார் உதடும் நீலமாகத்தான் தெரிந்தது. எண்ணத் தொடங்கினேன். நடுவில் படம் நின்றுவிட்டது. மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. என் கணக்கு சரியா தப்பா என்று எனக்கே தெரியவில்லை. எழுபது கிலோமீட்டர் தூரம். கட்டிலருகே இருந்திருந்தால் அவர் முதுகில் கையை வைத்திருப்பேன். கை இருந்தும் இல்லாதவளாக உட்கார்ந்திருந்தேன்.

மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் மனிதன் மூச்சை மாற்றிக்கொள்வான். அதனால் நாடி பிடிப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மார்பைப் பார்க்க வேண்டும். "துன்யா, அப்பாவோட நாடியை இன்னொரு தரம் பாரு, முழு நிமிஷம்," என்றேன். சொல்லிவிட்டு எல்லாருக்கும் தெரிகிற எழுத்துப் பெட்டியில் தட்டினேன்: 'மைக்கை மூடுங்கள். அவர் சட்டைப் பையில் இருக்கும் பேனாவைப் பாருங்கள். ஒரு நிமிடம் எண்ணி இங்கே எழுதுங்கள். யாரும் வாயைத் திறக்கக் கூடாது.' வெலிபோர் மூக்குக்கண்ணாடி போடவில்லை. அவரால் படிக்க முடியாது. துன்யா படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

பதினோரு முகங்கள் திரையை நோக்கிக் குனிந்தன. ஓக்னியெனின் தம்பிகூட நெளியாமல் நின்றான். அப்படி ஒரு அமைதியை நாற்பது வருடத்தில் எந்த வார்டிலும் நான் கேட்டதில்லை. வெலிபோர் மட்டும், "என்ன எல்லாரும் ஊமையாயிட்டீங்க? நான் செத்துட்டேனா?" என்றார். பாதி வாக்கியத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சொன்னார்.

எண்கள் விழுந்தன. 34. 33. 34. 36. 34. 31, 'இங்கே படம் நின்றது' என்று ஒரு பெண். 34. 35. 33. 34. ஓக்னியென் 34 போட்டு, பக்கத்தில், 'மேடம், இது என்ன?' என்று எழுதியிருந்தான்.

கடைசியாக ஒரு எண் வந்தது. ஒரு கையால் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தட்டியிருக்கிறாள். 34. அதன் கீழே இன்னொரு வரி: 'நேற்று சாயங்காலம் 28. எண்ணினேன் மேடம். நோயாளிகளைப் போட்டுவைக்கும் அந்த மண்டபத்துக்கு அனுப்பிவிடாதே என்று அழுதார். என் அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை.'

அந்தப் பிள்ளையை ஓங்கி அறைய வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் வழியில்லை.

"வெலிபோர் ஐயா," என்றேன், "ஒரே மூச்சில ஒண்ணுலேருந்து இருபது வரைக்கும் எண்ணுங்க பாப்போம். முடிஞ்சா உங்களை விட்டுடறேன்."

"இதென்ன பள்ளிக்கூடமா?" என்றவர் தொடங்கிவிட்டார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு..." ஆறில் நின்றது. திரும்பத் தொடங்கினார். ஐந்தில் நின்றது. முகத்திலிருந்த சிரிப்பு அப்போதுதான் போயிற்று.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

"போகமாட்டேன். மண்டபத்துல கட்டில் கட்டிலாப் போட்டு வச்சிருக்கான். முகத்தை மூடினவன் வருவான், போவான். யாரு செத்தான்னு பக்கத்துக் கட்டிலுக்குக்கூடத் தெரியாது. மே ஆறாம் தேதி எங்க குடும்பப் புனிதரோட நாள். அன்னிக்கு மெழுகுவத்தி ஏத்த வீட்டுல ஆம்பளை வேண்டாமா?"

"யோவ்!" என்று கத்திவிட்டேன். பேராசிரியர் பேசுகிற பேச்சா அது? இல்லைதான். "மெழுகுவத்தி ஏத்தறதுக்கு மொதல்ல எழுந்து நிக்க மூச்சு வேணும்யா! ஆறு வரைக்கும் எண்ண முடியல, பேச்சைப் பாரு! உம்ம பொண்ணு உமக்காகப் பொய் எழுதி வச்சிருக்கா. இன்னிக்கு நீர் இந்த நாற்காலியில சாஞ்சா, அந்தப் பதினாறை அவ சாகற வரைக்கும் சுமக்கணும். ஒவ்வொரு நோயாளி பக்கத்துலயும் உம்ம முகம்தான் அவளுக்குத் தெரியும். அவளை டாக்டராக்கப் போறீரா, பைத்தியமாக்கப் போறீரா?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் அவர் மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

"அப்பா," என்றாள். "முப்பத்துநாலுப்பா."

அவர் மேசைமேலிருந்த தட்டை அவள் பக்கம் தள்ளினார். பிறகு, "அந்தத் தொத்திறைச்சியைப் பொட்டலம் கட்டு. அங்க என்னத்தைப் போடுவானுங்களோ," என்றார்.

நான் வீட்டுப் போனில் பிரோத்தின் அவசர ஊர்தியைப் பிடித்தேன். வரும்வரை அவரைக் கட்டிலில் கவிழ்ந்து படுக்க வைக்கச் சொன்னேன். ஜன்னலைத் திறக்கச் சொன்னதற்கு அந்த நிலைமையிலும் சண்டை பிடித்தார். ரெண்டு பக்கமும் காத்து அடிச்சா மனுஷன் செத்துடுவானாம்! எங்கள் நாட்டில் எல்லாருக்கும் இந்தப் பயம் உண்டு. எனக்கே உண்டு. "ஒரு ஜன்னல் மட்டும் திற," என்று சமாதானம் செய்தேன். வகுப்பு எப்போதோ முடிந்திருந்தது, ஒருவரும் போகவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துன்யா எண்ணிச் சொன்னாள். முப்பத்தாறு. முப்பத்தைந்து. முப்பத்தெட்டு. இருபத்தாறாவது நிமிடம் வெள்ளை உடை போட்ட இருவர் உள்ளே வந்தார்கள். மகளைக் கூட வரவிடவில்லை. திரையில் காலி நாற்காலியும் தட்டில் மிச்சமிருந்த ஒரு துண்டும் தெரிந்தன.

துன்யா வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "எனக்குக் கையெழுத்துப் போடமாட்டீங்க இல்ல மேடம்?"

"மாட்டேன்," என்றேன். "போடற வரைக்கும் தினமும் பத்து மணிக்கு வந்து எனக்கு எண்ணிக் காட்டணும். யாருடையதாவது. இல்லேன்னா என்னுடையதை எண்ணு."

வந்தாள். தினமும் பத்து மணிக்கு என் மூச்சை எண்ணினாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வராத நாட்களில் எண்ணும்போதே அழுதாள். பத்தாம் நாள் அவருக்கு முகமூடி போட்டு அழுத்திக் காற்றுக் கொடுக்கிறார்கள் என்றார்கள். அன்று நானும் அழுதேன். நான் எண்ணாமல் கையெழுத்துப் போட்ட நாற்பது வருடத்துத் தாள்களும் கண்முன் வந்தன.

மே ஆறாம் தேதி ஊரடங்கை எடுத்தார்கள். நான் வெளியே போகாமல் பத்து மணிக்குத் திரைமுன் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் மேசையில் பெரிய ரொட்டி, எரிகிற மெழுகுவர்த்தி. பக்கத்தில் அதே கட்டம் போட்ட சட்டை, இப்போது இரண்டு ஆள் நுழையலாம் போலத் தொளதொளவென்று. முந்தின நாள்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். என்னைப் பார்த்துக் கையை மட்டும் தூக்கினார்.

துன்யா அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"என்னடி? எவ்வளவு?"

"மேடம்... சொன்னா நம்பமாட்டீங்க."

"சொல்லித் தொலை."

"பதினாறு."

"மறுபடி எண்ணு," என்றேன்.

அவள் எண்ணினாள். நானும் பேனாவைப் பார்த்து எண்ணினேன், ஒரு நிமிடம் முழுக்க. அன்று படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. பதினாறுதான்.