கொக்கியில் ஏறிய சாப்பாடு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நானாக யோசித்த கதை இல்லை. என் அத்தான் கேட்டு வாங்கிய கதை. "ஏன் மச்சான், என்னென்னமோ எழுதுறே. ஒரு கதையிலயாவது என்னை ஒல்லியா எழுதேன்" என்றார்.

"கதையில எளைச்சா சட்டைக்குப் பட்டன் போட முடியுமா?" என்று அடுப்படியிலிருந்து அக்கா கேட்டாள்.

அத்தானுக்கு டவர் கிரேன் ஓட்டும் வேலை. உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்குமே, அங்கேதான் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். ஏணியில் ஏறும்போது கட்டும் பாதுகாப்பு பெல்ட்டில் 'அதிகபட்சம் நூறு கிலோ' என்று போட்டிருக்கும். அத்தான் நூற்றெட்டு. புதிதாக வந்த சேஃப்டி ஆபீசரம்மா வேறு சைட்டிலிருந்து பெரிய பெல்ட் ஒன்றை இரவல் வாங்கிக் கொடுத்து, ஆறு மாதம் கெடு வைத்துவிட்டார். அதற்குள் நூறுக்கு வராவிட்டால் கூண்டு கிடையாது. கீழே கம்பி எண்ணும் வேலைதான்.

2

ஆரம்பம் சரியாக அமையவில்லை.

காலைச் சூரியன் கிரேனின் நெற்றியில் பொட்டு

வேண்டாம்.

அவருக்குள் ஒரு நெருப்பு

அன்றைக்கு அவருக்குள் இருந்தது நெஞ்செரிச்சல். இதுவும் வேண்டாம்.

மணி பன்னிரண்டரை. கொக்கியில் சாப்பாடு ஏறியது.

இது பரவாயில்லை. பதினோரு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. கீழே இருப்பவர்கள் பெயின்ட் வாளியில் டப்பாவை வைத்துக் கொக்கியில் மாட்டுவார்கள். எட்டு டன் தூக்குகிற கிரேன், ஒரு சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகும். இறங்கினால் திரும்ப ஏறவேண்டுமே! உட்கார்ந்த இடத்திலேயே சாப்பிட்டுவிட்டு, அதன்மேல் பிஸ்கட்டும்* உள்ளே தள்ளுவார்.

(* கூண்டில் எப்போதும் ஒரு பாக்கெட் இருக்கும். இதை எழுதும் என் மேசையிலும் ஒன்று இருந்தது. இந்தப் பத்தி முடிவதற்குள் காலி.)

3

கதையென்றால் வேகம் வேண்டாமா? மூன்றே வாரத்தில் பன்னிரண்டு கிலோ குறைத்து எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தான் படித்தார். முகம் மாறிவிட்டது.

"போன வருஷம் நான் இதைத்தான் பண்ணேன்."

வெறும் எலுமிச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு மூன்று வாரம் வாயைக் கட்டியிருக்கிறார். ஏணியில் பாதி ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து, கை விட்டுவிட்டது. பெல்ட்தான் பிடித்துத் தொங்கவிட்டது. அன்றைக்கு அவர் நூற்றிரண்டு கிலோ. அந்தரத்தில் ஆடிக்கொண்டே நூறு என்ற எழுத்தை அவர் படித்தாராம். அப்புறம் பயத்திலேயே சாப்பிட்டுச் சாப்பிட்டு நூற்றெட்டுக்கு ஏறிவிட்டார்.

"உங்க அக்காவுக்குத் தெரியாது. மூச்சு விட்டுடாதே."

[நான் மூச்சு விடவில்லை. எழுதினேன். எழுதியதை அக்கா வீட்டு மேசைமேல் வைத்துவிட்டு வந்தது என் புத்தி.]

அக்கா படித்துவிட்டாள். மூன்றாம் நாள் டப்பாவைக் கட்டிக்கொண்டே அத்தானிடம் சொன்னாள்: "எனக்கு எளைச்ச ஆளு வேணாம். இறங்கி வர்ற ஆளு போதும். இனிமே மத்தியானம் கீழ வந்து சாப்பிடுங்க. இறங்கின உடனே எனக்கு ஒரு போன்."

4

இங்கேதான் என் கதை படுத்துவிட்டது. ஏனென்றால் அத்தான் இறங்கினார். சாப்பிட்டார். ஏறினார். முதல் நாள் திரும்ப ஏறும்போது ஏணியில் ஐந்து இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். வாளியை யாரோ சிமென்ட் கலக்க எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை ஒன்றானது. தட்டில் பாதிக்குக் காய் வந்தது. பத்து மணிக்கெல்லாம் படுத்துவிட்டார்.

முதல் மாதம் குறைந்தது ஒரு கிலோ.

"ஒரு கிலோவை வச்சு நான் என்னத்தை எழுதுறது அத்தான்?"

"எனக்கு மட்டும் ஆசையா? மெதுவாத்தான் போகுது."

மூன்றாவது மாதம் ஒரு கல்யாண வீட்டு விருந்தில் அரைக் கிலோ ஏறிவிட்டது. ஆகா, வந்ததடா சிக்கல் என்று பேனாவை எடுத்தேன். அவர் பட்டினியும் கிடக்கவில்லை, தலையில் கையும் வைக்கவில்லை. அடுத்த நாளும் பன்னிரண்டரைக்கு இறங்கினார்.

[இந்த வரியை நான்கு முறை அடித்தேன். சப்பென்று இருந்தது. கதையின் திருப்பமே இதுதான் என்று எனக்கு உறைக்க இரண்டு மாதம் ஆயிற்று.]

ஐந்து இடம் மூன்றாகி, ஒன்றாகியது. இப்போது நிற்காமல் ஏறுகிறார்.

5

இன்றைக்குத்தான் கெடு நாள். முடிவு இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) 99.4. ஆபீசரம்மா கைகொடுக்கிறார்.

(ஆ) 100.7. ஆபீசரம்மா கையை நீட்டுகிறார், இரவல் பெல்ட்டைத் திரும்ப வாங்க.

காலையில் வேலைக்குக் கிளம்பிய அத்தானிடம் காட்டி, எது வேண்டும் என்று கேட்டேன்.

"முதல் ஒன்னுதான். இதைக் கேக்கணுமா?" செருப்பை மாட்டியவர் அப்படியே நின்றார். "கூண்டு போச்சுன்னா அழுவேன் மச்சான். பதினோரு வருஷம்."

"அழுதுட்டு?"

"பன்னிரண்டரைக்கு உங்க அக்காவுக்குப் போன் போடணும்ல. அந்தக் கட்டடத்துல படிக்கட்டா இல்ல? நாலு மாடி ஏறி இறங்கிட்டு வந்து போடுவேன்."

ஆகவே இரண்டு முடிவையும் கிழித்துப் போட்டுவிட்டேன். எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்: _______ கிலோ. நிரப்புவது உங்கள் பாடு. கொஞ்சம் பார்த்து எழுதுங்கள், நல்ல மனுஷன்.

மணி பன்னிரண்டு இருபத்தெட்டு. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, போன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.