முகமூடி போட்ட நாலு டயர்

எனக்கு வாய் நீளம். பல் டாக்டருக்கு வாய் நீளமாக இருந்தால் நாற்காலியில் சாய்ந்திருப்பவர்களுக்குத்தான் கஷ்டம் என்று என் கொழுந்தன் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. போன மாதம் இந்த வாயால்தான் என் காரையே பணயம் வைத்தேன்.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டே கதவு, தரையைத் தொடுகிற மாதிரி இருக்கை, ரத்தச் சிவப்பு. பத்து வருஷம் ஊரார் வாய்க்குள் குனிந்து குனிந்து பார்த்து, முதுகு ஒடிந்து, ஆசை ஆசையாக வாங்கியது. என் மாமியாருக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"இது காரா, குழியா? உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும்!" என்பார். அத்தைக்கு முட்டிவலி. உயரமான பெரிய வண்டியாக வாங்கியிருக்கலாம் என்பது அவருடைய தீராத குறை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் கிளப்பின் ஓட்டத்தளத்துக்குப் போவேன். ஒரு சுற்றை எண்பது விநாடிக்குள் முடித்தால் கிளப் அணியில் இடம். கடைசி மூன்று மாதக் கணக்கு இது: எண்பத்திரண்டு, எண்பத்தொன்று, மறுபடியும் எண்பத்திரண்டு. எல்லாம் அந்த மூன்றாவது வளைவால் வந்த வினை. போன வருஷம் அங்கே கார் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிப் புல்லில் போய் நின்றது. ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த வளைவு வந்தாலே என் வலது கால் என்னைக் கேட்காமல் ஆக்ஸிலரேட்டரை விட்டு எழுந்துகொள்ளும்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பழியைத் தூக்கி டயர் மேல் போட்டேன்.

"எல்லாம் இந்தக் கம்பெனி டயரால வந்தது" என்றேன், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது.

என் கொழுந்தன் டயர் கடை வைத்திருப்பவன். சும்மா இருப்பானா? "அண்ணி, காரோட வந்த டயர்னா மட்டம்னு யார் சொன்னது? உங்க காரோட எடை, ஸ்பிரிங், பிரேக் எல்லாம் பாத்து இதுக்குன்னே பண்ணின டயர் அது. மழையிலயும் ஓடணும், சத்தமும் வரக் கூடாது, சீக்கிரம் தேயவும் கூடாது. பாவம், அது எத்தன பேருக்குத்தான் பதில் சொல்லும்?"

"அப்ப வெளில விக்கிற ஸ்போர்ட்ஸ் டயர்?"

"அது ரப்பர் மெத்துன்னு இருக்கும். ரோட்ட நல்லாப் பிடிக்கும். ஆனா சீக்கிரம் தேஞ்சிரும், சத்தமும் போடும்."

"பிடிக்கும்ல? அது போதும். நாலு வாங்கிட்டு வா."

அவன் சிரித்தான். "வெல ஜாஸ்தின்னு தெரிஞ்சாலே உங்களுக்கு அது நல்லாப் பிடிக்கிற மாதிரிதான் இருக்கும், அண்ணி."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "என்னை என்னன்னு நெனச்சே? பேரைப் பாத்தா சொல்லப் போறேன்? டயர் மேல இருக்கிற எழுத்தெல்லாம் டேப் ஒட்டி மூடு. காலைல ஒரு செட்டு, மத்தியானம் ஒரு செட்டு. எது எதுன்னு மூச்சு விடாத. ஓட்டிப் பாத்து நானே சொல்றேன். அன்னிக்கும் எண்பதுக்குள்ள வரலேன்னா இந்தக் காரை வித்துட்டு அத்தைக்குப் பெரிய வண்டி வாங்கிடறேன். போதுமா?"

அத்தை முகத்தில் மட்டும் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம்.

"வார்த்தைய விடாதம்மா" என்றார் என் கணவர்.

"விட்டாச்சு."

அந்த ஞாயிறும் வந்தது. கொழுந்தன் டயர் மாற்றும் மெஷினை ஏற்றிய தன் வேனைத் தளத்துக் கொட்டகைக்குள் நிறுத்தி, முன்னால் ஒரு தார்ப்பாயைக் கட்டினான். என் கணவர் ஸ்டாப்வாட்சோடு வந்தார். அத்தை மடக்கு நாற்காலியோடு வந்தார். காரை வழியனுப்ப வந்திருக்கிறார் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

காலை ஓட்டம் எண்பத்தொன்று புள்ளி நாலு. மூன்றாவது வளைவில் கால் வழக்கம்போல எழுந்துகொண்டது.

இறங்கியதும் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னேன். "இது கம்பெனி டயர். சந்தேகமே இல்ல. ஸ்டியரிங்கத் திருப்பினா அரை மனசாத் திரும்புது. மூணாவது வளைவுல கையக் கழுவிடுச்சு. எழுதிக்கோ."

கொழுந்தன் பரீட்சை எழுதுகிறவன் மாதிரி குனிந்து எழுதிக்கொண்டான்.

பிறகு கார் தார்ப்பாய்க்குப் பின்னால் போனது. நட்டு கழற்றும் சத்தம், காற்று இறங்கும் சத்தம் கேட்டது. திடீரென்று ஒரு "ஐயோ!" அப்புறம் சத்தமே இல்லை.

"என்னடா ஆச்சு?" என்று எழுந்தேன்.

"வெரல்ல பட்டுடுச்சு, அண்ணி! உள்ள வராதீங்க! அம்மா, நீங்க மட்டும் கொஞ்சம் வாங்க, டேப் ஒட்ட ஆள் வேணும்!"

அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். குசுகுசுவென்று ஏதோ பேச்சு. அதன் பிறகு மெஷின் அரை மணி நேரம் விடாமல் ஓடியது. எட்டிப் பார்க்கப் போன என்னைக் கணவர் பிடித்து நிறுத்தினார். "நீதானே பாக்க மாட்டேன்னு சபதம் போட்டே?"

அத்தை மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். "அப்பப்பா, என்ன நாத்தம்! புது ரப்பர் வாசனை மண்டைய இடிக்குது!"

"அம்மா! சொல்லிட்டீங்களே!" என்று கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான்.

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. சந்தோஷத்தை வெளியே காட்டாமல் ஹெல்மெட்டுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன்.

முதல் வளைவு வெண்ணெய் மாதிரிப் போனது. இரண்டாவதில் ஸ்டியரிங் முழு மனசாகத் திரும்பியது. இதோ வந்துவிட்டது மூன்றாவது. கால் எழப் பார்த்தது. "பிடிக்கும்டி, புது டயர் பிடிக்கும், பிடிக்கும்" என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டே காலை அழுத்தி வைத்தேன். டயர் கிரீச்சிட்டது. கார் ஒரு சாண் வெளிப்பக்கம் நகர்ந்தது. என் உயிரும் கூடவே நகர்ந்தது. அப்புறம் கப்பென்று பிடித்தது! அந்தப் பக்கம் நேர்ப்பாதைக்கு வந்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கணவர் ஸ்டாப்வாட்சை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். தொப்பி பறந்தது, அதைக்கூட எடுக்கவில்லை. "எழுபத்தொன்பது புள்ளி மூணு!" கிளப் கடிகாரமும் அதையே காட்டியது. நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். அத்தையைக் கட்டிப்பிடித்தேன். கொழுந்தன் மட்டும் நாலடி தள்ளியே நின்றான்.

"எழுதுடா!" என்றேன். "தங்கமான டயர். நெனச்ச இடத்துல திரும்புது. சத்தம்கூடக் கம்மி. கம்பெனி டயர் இது கால் தூசிக்கு ஆகாது. எங்க, என் செல்லத்தோட பேரைப் பாக்கறேன்" என்று முன் சக்கரத்துப் பக்கம் குனிந்தேன்.

"வேணாம் அண்ணி, சூடா இருக்கு!"

டேப்பைப் பர்ரென்று கிழித்தேன். உள்ளே பழைய பெயர். பெயருக்குக் கீழே கட்டைவிரல் நீளத்தில் ஒரு வெட்டு. எனக்கு நன்றாகத் தெரிந்த வெட்டு அது. மூன்று மாதத்துக்கு முன் என் கிளினிக் வாசல் நடைபாதை ஓரத்தில் நானே இடித்துவிட்டு, எவனோ இடித்துவிட்டான் என்று வீட்டில் சாதித்தது. மற்ற மூன்று டேப்பையும் கிழித்தேன். நாலும் காரோடு வந்த அதே டயர்.

கொழுந்தன் அதற்குள் அத்தையின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டான். "ஆர்டர் சொல்றப்ப வாய் தவறி என் காரோட அளவ சொல்லிட்டேன், அண்ணி. வந்தது பதினேழு இஞ்ச். உங்க சக்கரம் பதினெட்டு. சுத்தியிருந்த பேப்பரப் பிரிச்சப்பதான் பாத்தேன். தலைகீழா நின்னாலும் மாட்ட முடியாது."

"அரை மணி நேரம் மெஷின் ஓடிச்சே?"

"சும்மா ஓட விட்டேன். உங்க வாய்க்குப் பயந்து."

கோபம் உள்ளங்காலிலிருந்து கிளம்பி மேலே வந்தது. பாதி வழியில் ஒரு கேள்வி அதை நிறுத்தியது. டயர் அதே டயர் என்றால் அந்த இரண்டு விநாடியைக் குறைத்தது யார்?

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. "டயர் மேல தப்பு இல்லைங்க" என்றேன் கணவரைப் பார்த்து. "எனக்குத்தான் அந்த வளைவுன்னா பயம். போன வருஷத்துலேருந்து."

"தெரியும்" என்றார். "ஒவ்வொரு தடவையும் அங்க எஞ்சின் சத்தம் எறங்குறது வாட்ச் பிடிச்சவனுக்குக் கேக்காதா? நீயா சொல்லட்டும்னு இருந்தேன். அது சரி, இந்த வெட்டு யாரோ இடிச்சதுன்னு சொன்னியே, அந்த யாரோ எங்க?"

நான் அவசரமாக அத்தை பக்கம் திரும்பினேன். "அத்தை, நீங்க நிஜத்தச் சொல்லியிருந்தா பெரிய வண்டி வந்திருக்குமே! எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"எதுக்கா? நீ தோத்துட்டு எனக்கு வண்டி வாங்கினா, அதுல ஏறும்போதெல்லாம் உன் மூஞ்சியில்ல பாக்கணும்!" என்றார் அத்தை. அப்புறம் குரலை இறக்கினார். "காலைல அழுத கண்ணோட எறங்கினே. எனக்கு மனசு கேக்கலம்மா."

அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கொழுந்தன் மெல்ல எட்டிப் பார்த்தான். "அடுத்த மாசம் சரியான அளவுல வந்துடும், அண்ணி. அப்ப நிஜமாவே ரெண்டையும் ஓட்டிப் பாத்துடலாம்."

"பாக்கலாம். டேப் மட்டும் வேணாம்" என்றேன்.

அத்தை அதற்குள் காரின் கதவைத் திறந்து நின்றுகொண்டிருந்தார். "என்னையும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போ."

"எந்திரிக்க ரெண்டு ஆள் வேணுமே, அத்தை?"

"அதான் ரெண்டு புள்ளையப் பெத்து வெச்சிருக்கேனே. நிக்கட்டும் இங்க."

ஹெல்மெட்டை மாட்டிவிட்டேன், பெல்ட்டைப் போட்டுவிட்டேன். மூன்றாவது வளைவு வந்தது. நான் காலை எடுக்கவில்லை. "இன்னும் வேகமா!" என்று அத்தை போட்ட கூச்சல் கொட்டகை வரைக்கும் கேட்டதாம்.