பெயர்ந்த இடமெல்லாம் நீலம்

ரெய்னோ மாக்கியின் நீலக் கார் மேல் டார்லாவுக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் அந்த ஊரில் பனிக்காலம் முழுக்க, வழுக்காமலிருக்கச் சாலையில் உப்பையும் மணலையும் கொட்டுவார்கள். எந்தக் காரானாலும் சில வருஷத்தில் துருவேறி ஓய்ந்துபோகும். ரெய்னோவின் கார் மட்டும் நேற்றுதான் கடையிலிருந்து எடுத்து வந்ததுபோல மினுங்கும். இலையுதிர் காலத்தில் அவர் இறந்துபோனார். அவர் மனைவி ஐலி பனிக்காலம் முழுக்க அதைத் தானே ஓட்டித் திரிந்துவிட்டு, ஏப்ரலில் டார்லாவுக்கு விற்றார்.

அந்த ஒரு பனிக்காலத்திலேயே, எஞ்சினை மூடும் முன்மூடியில் அம்மைத் தழும்பு போலப் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. டார்லாவின் கணவன் கர்ட், சாலையில் பனி தள்ளி மணல் கொட்டும் லாரி ஓட்டுபவன். "நீ கொட்டுற மணலுதான் இப்படிக் கொத்தி வச்சிருக்கு" என்றாள் அவனிடம்.

"மணல் கொட்டலேன்னா காரே பள்ளத்துல கிடக்கும். அங்க போய் பெயிண்ட் அடிப்பியா?" என்றான் கர்ட்.

காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு பழைய காலுறை இருந்தது. அதற்குள் சின்ன பாட்டிலில் அதே நீலப் பெயிண்டும், அடிப்பூச்சுக்கான சாம்பல் நிற பிரைமரும், ஒரு கட்டு பல்குத்தும் குச்சியும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் டார்லா கராஜில் உட்கார்ந்துவிட்டாள். காரைக் கழுவித் துடைத்தாள். துரு கண்ட இடங்களை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தாள். பிரைமர் வைத்துக் காயவிட்டு, பல்குச்சி நுனியால் நீலத்தைச் சொட்டுச் சொட்டாக வைத்தாள். பள்ளிக்கூடச் சமையலறை வேலையில் கேக்குக்குப் பூ வைக்கிற கைதான் அவளுக்கு. ஆனாலும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகத்தான் நின்றது. பாதி முடிப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மூடியைத் திருகிப் பாட்டிலைக் காலுறைக்குள் வைத்துவிட்டு, கராஜைப் பூட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் மீதிப் பாதியும் முடிந்திருந்தது. அவள் வைத்த கொப்புளங்களும் சமமாகத் தேய்க்கப்பட்டு, கண்ணாடி மாதிரி இருந்தன. விரலால் தடவினால்கூட எங்கே பெயர்ந்திருந்தது என்று தெரியவில்லை. கர்ட் செய்த வேலை என்று நினைத்து, அன்றைக்கு அவனுக்குப் பிடித்த மீன் சூப்பு வைத்தாள். அவனோ சாப்பிட்டுக்கொண்டே, இவ்வளவு நன்றாகச் செய்வாய் என்று தெரிந்திருந்தால் என் லாரியையும் கொண்டு வந்திருப்பேனே என்றான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வதாக நினைத்துச் சிரித்தார்கள்.

அதன்பிறகு அது வீட்டுக்குள் வந்தது.

முதலில் டார்லாவின் காப்பிக் கோப்பை. அதன் விளிம்பில் வெகுகாலமாக ஒரு சில்லு போயிருந்தது. காலையில் உதட்டில் வைத்தபோது உறுத்தவில்லை. பார்த்தால் அந்த இடம் நீலத்தால் நிரம்பியிருந்தது. அடுத்து பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரம், கதவு நிலையில் நாய் பிறாண்டிய கோடு, குளிர்பெட்டியின் மூலை. எங்கெல்லாம் ஏதாவது பெயர்ந்திருந்ததோ, எங்கெல்லாம் கீறல் இருந்ததோ, அங்கெல்லாம் அதே கார் நீலம், ஒரு பிசிறு இல்லாமல். வீட்டுக்குள் இத்தனை சேதம் இருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பெயிண்ட் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை.

இனிமேல் விளையாடாதே என்று கர்ட்டிடம் கெஞ்சினாள். அவன் கோபித்துக்கொண்டான். அது நடிப்பில்லை.

சனிக்கிழமை, லாரிச் சக்கரத்தில் மாட்டியிருந்த பனிச்சங்கிலியைக் கழற்றும்போது கர்ட்டுக்கு விரல் முட்டியில் தோல் வழன்றுவிட்டது. சாயங்காலம் நீராவிக் குளியல் முடித்து வந்து சோபாவில் சாய்ந்தவன் அப்படியே கண்ணயர்ந்தான். டார்லா அடுப்பிலிருந்து இறைச்சிப் பணியாரத்தை எடுத்து வைத்துவிட்டு அவனை எழுப்பப் போனாள். அறையில் பெயிண்ட் கரைக்கும் தின்னர் வாடை. அவன் கை மார்பின் மேல் கிடந்தது. காயம் இருந்த இடத்தில் நீலம்.

ஓரத்தில் மெல்லிய சாம்பல் வளையம் தெரிந்தது. முதலில் பிரைமர், அதன் மேல் நீலம், அதற்கும் மேல் பளபளப்புப் பூச்சு. ஒவ்வொன்றும் காய மணிக்கணக்காகும் என்பது அவளுக்குத் தெரியும். கர்ட் தூங்கியதோ அடுப்பில் பணியாரம் சிவக்கும் நேரம்தான். அவன் விழித்து, கையை மடக்கி விரித்துப் பார்த்தான். வலிக்கவில்லை என்றான். அதைச் சொன்ன குரல் அவன் குரல் போலவே இல்லை.

"டார்லா, இத நீ செய்யல. அப்படித்தானே?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். இரண்டு பேரும் பணியாரத்தைத் தொடவில்லை.

மறுநாள் மத்தியானம் அவள் ஐலியின் வீட்டுக்குப் போனாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனவளுக்கு ஆரம்பிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஐலி கதவைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் காப்பி ஊற்றினார்.

"வீட்டுக்குள்ள வந்துட்டாரா?"

டார்லா கோப்பையைக் கீழே வைத்தாள். ஐலி நிதானமாகச் சொன்னார். ரெய்னோவுக்கு எதிலும் ஒரு சின்னக் கீறல் ஆகாது. உயிரோடு இருந்தபோது வெறும் பழக்கமாக இருந்தது, இறந்தபிறகும் நிற்கவில்லை. பனிக்காலத்தில் ஐலி வேண்டுமென்றே அந்தக் காரை மணல் சாலையிலெல்லாம் ஓட்டினார். கார் கெட்டுப்போனால் மனுஷர் மனம் வெறுத்துப் போய்ச் சேருவார் என்று நினைத்தார். கெடக் கெட அவர் கை இன்னும் சுறுசுறுப்பானது. கடைசியில் பாட்டிலை மட்டும் ஒளித்து வைத்தார். வேலை நின்றது. ஆனால் ராத்திரியெல்லாம் இழுப்பறைகள் திறந்து மூடும் சத்தம்.

"அதான் பாட்டிலோட சேத்து உனக்கு வித்துட்டேன். சொல்லாம வித்தது தப்புதாம்மா." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்புறம் வீடு கப்சிப்னு ஆயிருச்சு. அந்த அமைதி எனக்குப் பிடிக்கும்னு நினைச்சேன்."

கோட்டை மாட்டிக்கொண்டு அவரே கிளம்பினார். தன் காரை விற்றபிறகு ஓட்டிக்கொண்டிருந்த மகளின் காரை டார்லா வீட்டு வாசலில் நிறுத்தினார். கர்ட் கராஜின் பெரிய கதவைத் தூக்கிவிட்டான். உள்ளே யாருமில்லை. நீலக் கார் மட்டும் பிற்பகல் வெளிச்சத்தில் நின்றது. தின்னர் வாடை மூக்கில் ஏறியது. ஐலி காருக்கு எதிரே போய், அதன் முன்மூடி பக்கம் குனிந்திருக்கும் ஒருவரிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"ரெய்னோ, போதும். கை கழுவிட்டு வா. சாப்பாடு ஆறுது."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கராஜின் பின்சுவரில் இருந்த குழாய் தானாகத் திறந்துகொண்டது. தொட்டியில் விழுந்த தண்ணீர் வெளிர்நீலமாக ஓடி, மெதுவாகத் தெளிந்தது. குழாய் மூடிக்கொண்டது. ஆணியில் தொங்கிய துணி ஒருதரம் அசைந்து, ஈரமாகி நின்றது. கர்ட் டார்லாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடி அவளுக்கு வலித்தது.

ஐலி நீலக் காரிலிருந்து காலுறையை எடுத்துக்கொண்டு, மகளின் காருக்குப் போய், பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து பிடித்தார்.

"காலை உள்ள எடு" என்றார். காத்திருந்தார். கார் அந்தப் பக்கமாகச் சற்றே தாழ்ந்தது. கதவைச் சாத்தினார்.

டார்லா அருகே போய், உங்களுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டாள். அந்த இருக்கைப் பக்கத்துக் கார்க் கண்ணாடியைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டாள்.

"பயமாத்தான் இருக்கு. ஆனா அவரு உன் வீட்டுல கிடந்து வேலை பாக்குறது எனக்கு நல்லாவா இருக்கும்?"

அடுத்த சனிக்கிழமை நீராவிக் குளியலில் கர்ட்டின் விரலிலிருந்து நீலம் ஒரே துண்டாகக் கழன்று விழுந்தது. அடியில் புதுத்தோல், தழும்பே இல்லாமல். அவன் அந்தத் துண்டை அடுப்புத் தீயில் போட்டுவிட்டு, எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஜூன் மாதம் டார்லா ஐலியை மளிகைக் கடையில் கண்டாள். கிழவிக்கு முகம் தெளிந்திருந்தது. நன்றாகச் சாப்பிடுகிறார் போலும். இருவருக்கு ஆகும் அளவு இறைச்சி வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார். கை நீட்டிப் பையை வாங்கும்போது சட்டைக்கை மேலேறியது. வயதான தோலில் வெடித்த ஒவ்வொரு கோட்டிலும், மணிக்கட்டு முதல் முழங்கை வரை, மயிரிழை போல நீலம் ஓடியிருந்தது. அவ்வளவு சுத்தமான வேலை. ஐலி டார்லாவின் பார்வையைக் கவனித்தார். சட்டைக்கையை அவசரமில்லாமல் இறக்கிவிட்டுக்கொண்டார்.

"ஒண்ணும் வலிக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார்.