வீட்டுக்காரர் நம்பர்

"பணத்தை எங்கதான் கொண்டுபோய்க் கொட்டின?" என்று மாமியார் சத்தம் போட்டபோது, தையல்காரி தன் மெஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். தவணை வரவில்லை என்று அதைத் தூக்கிப்போகக் கம்பெனி ஆள் வாசலில் நின்றான். ராப்பகலாகத் தைத்துத் தவணைக்குக் குறையாமல் வங்கியில் போட்டிருந்தாள்.

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்கண்ணே" என்று அவனிடம் கெஞ்சிவிட்டு வங்கிக்கு ஓடினாள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கணினியைப் பார்த்துச் சொன்னாள். "மெசேஜ் அனுப்பற கட்டணம் பிடிச்சதுல பேலன்ஸ் துளி குறைஞ்சிருக்கும்மா. அதனால கம்பெனிக்காரங்க கேட்ட தவணை போகாம திரும்பியிருக்கு. அதுக்கு அபராதம். மறுபடி கேட்டிருக்காங்க, மறுபடி திரும்பியிருக்கு, அதுக்கும் அபராதம். எல்லாத்துக்கும் மெசேஜ் போயிருக்கே."

"எனக்கு ஒண்ணும் வரலையே."

அந்தப் பெண் வாசித்துக் காட்டியது புருஷனின் நம்பர். கணக்குத் தொடங்கிய அன்று குமாஸ்தா "வீட்டுக்காரர் நம்பர் சொல்லுங்க" என்றுதான் கேட்டார். அவள் கையிலும் ஒரு போன் இருந்தது. அதை அவரும் கேட்கவில்லை, அவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. பொம்பளை கணக்குக்கு ஆம்பளை நம்பர் என்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே. கட்டணம் மட்டும் அவள் உழைப்பிலிருந்து போனது.

புருஷனை அழைத்தாள். "பேங்க் மெசேஜெல்லாம் எவன் படிக்கறான்? வேலை நேரத்துல உயிரை எடுக்காத" என்று அவன் வைத்துவிட்டான்.

"அபராதம் திரும்ப வருமாம்மா?"

"வராது."

"அப்ப நம்பரையாவது மாத்துங்க."

"உங்க வீட்டுக்காரர் போனுக்கு ஒரு எண் வரும். கேட்டுச் சொல்லுங்க."

"கணக்கு என் பேர்ல இருக்கு. கையெழுத்து என்னோடது. நானே முன்னால நிக்கறேன். அவரை எதுக்கு கேக்கணும்?"

அந்தப் பெண் இழுப்பறையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து நீட்டினாள். "எழுதிக் கொடுத்தாலும் மாத்தலாம். யாரும் கேக்கறதில்ல, நாங்களும் சொல்றதில்ல."

தையல்காரி எழுத்துக்கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேலை முடிந்து வெளிப்படியில் கால் வைப்பதற்குள் போன் அடித்தது. புருஷன்தான்.

"நம்பர் மாத்தியாச்சுன்னு பேங்க்லேருந்து மெசேஜ் வந்திருக்கு. யாரைக் கேட்டு மாத்தின?"

"பரவாயில்ல, இதை உடனே படிச்சிட்டீங்க" என்றாள்.

போனை இடுப்பில் செருகிக்கொண்டு, காதுத் தோட்டைக் கழற்றியபடியே அடகுக்கடைப் பக்கம் நடந்தாள். சாயங்காலத்துக்குள் தவணையைக் கட்டியாக வேண்டும்.