சிரிக்கவைத்த முகம்

புத்தகக் கட்டைப் பிரித்ததுமே ஓவியக்காரிக்கு ரத்தம் கொதித்தது.

ஆறு மாதம் உட்கார்ந்து அவள் படம் போட்ட சீன நாட்டுப்புறக் கதை அது. அரசன் கட்டும் நெடுஞ்சுவருக்கு வேலைக்கு இழுத்துப் போகப்பட்ட கணவனைத் தேடி, குளிருக்குத் துணி தைத்து எடுத்துக்கொண்டு நடந்தே போகிறாள் ஒருத்தி. அவன் செத்து, சுவருக்குள்ளேயே புதைந்துபோனான் என்கிறார்கள். அவள் அழுத அழுகையில் சுவர் இடிந்து விழுகிறது.

அந்தப் பெண்ணுக்குத் தன் அக்காவின் முகத்தைக் கொடுத்திருந்தாள் ஓவியக்காரி. அக்காவின் கணவர் கொத்தனார். சாரம் சரிந்து நாலாவது மாடியிலிருந்து விழுந்து செத்தார். கட்டடத்தைக் குறித்த தேதியில் திறந்துவிட்டார்கள். அக்காவிடம் கேட்டுத்தான் வரைந்தாள். "போட்டுக்கோ. அழகா எல்லாம் போடாத" என்றிருந்தாள் அக்கா.

அச்சான புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சுவர் அப்படியே நின்றது. கணவன் உயிரோடு வந்திருந்தான். அரசன் பட்டு நீட்ட, அக்காவின் முகம் பல் தெரியச் சிரித்தது. கணினியில் யாரோ வாயை மட்டும் மாற்றியிருந்தார்கள். கண்கள் அழுதபடியே இருந்தன.

கொண்டுபோய்க் காட்டியதும் அக்கா அந்தப் பக்கத்தையே வெறித்துப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, போலாம்" என்றாள்.

பதிப்பகத்தில் பதிப்பாசிரியர் நாற்காலி போடச் சொன்னார். இருவரும் உட்காரவில்லை. சாவு வந்தால் பள்ளிக்கூடங்கள் வாங்காது, பிள்ளைகள் பயந்துவிடும், இதைப் போய்ப் பெரிதுபடுத்துவானேன் என்று அவர் சமாதானம் சொன்னார். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று கத்தினாள் ஓவியக்காரி. கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டீர்களே என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

அக்கா புத்தகத்தை அவர் முன்னால் விரித்தாள்.

"இது என் மூஞ்சி சார். என் வீட்டுக்காரர் செத்தப்ப அந்தக் கட்டடத்து முதலாளியும் துணிமணி குடுத்து அனுப்பினாரு. நான் சிரிக்கல. என் புள்ளைங்க பக்கத்துலதான் நின்னுச்சுங்க. அதுங்க பயப்படுமேன்னு அன்னைக்கு யாரும் கதையை மாத்தல."

அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று முனகினார் ஆசிரியர். அடுத்த பதிப்பில் தன் பெயரே இருக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு, அலமாரியிலிருந்த அசல் படங்களையும் அள்ளிக்கொண்டு வெளியேறினாள் ஓவியக்காரி. பேசிவைத்திருந்த அடுத்த வேலையும் அதோடு போயிற்று.

அந்த வாரக் கடைசியில் நூலகத்துக் குழந்தைகள் அறையில் படங்களை வரிசையாக ஒட்டினாள். கதையை அக்காதான் சொன்னாள். சுவர் விழுந்ததும் ஒரு பிள்ளைகூட எழுந்து ஓடவில்லை. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, அப்புறம் ராஜா என்ன செய்தார் என்று கேட்டாள்.

"திரும்பக் கட்டச் சொன்னான்" என்றாள் அக்கா. அவள் குரலில் சூடு தணியவேயில்லை.